நிகரம்

படகுக்காரர் ஹுசின் அனுப்பிய செய்தியில் ஏழு வரி.
தொப்பி. மாற்றுடை. நனையாத பை.
வாந்திக்கு மாத்திரை.
தலைக்கு ஐந்து கிலோவுக்கு மேல் மூட்டை கூடாது.
நீந்தத் தெரியுமா, தெரியாதா.
ஆளின் எடை எவ்வளவு.

போனஸ் இல்லையாம் இந்த வருஷம்.
பதிலுக்கு லுமுட்டிலிருந்து ஒரு பகல் படகு,
மூன்று தீவு, ஆளுக்கொரு பொட்டலம் நாசி லெமாக்.
மேனேஜர் அறிவித்தபோது கை தட்டியது
கொதிகலன் பக்கத்துப் பையன்கள் மட்டும்தான்.
அவர்களுக்குக் காது சரியாகக் கேட்காது.

ஆயர் தாவாரில் நனையாத பைக்கு எங்கே போவது?
பாசார் மாலாமில் கேட்டேன்,
குளிக்கும்போது தலைக்குப் போடும் உறையை எடுத்துக் காட்டினான்.
கடைசியில் உரச்சாக்கின் உள்ளுறையை உருவி
மூன்று தண்ணீர் அலசிக் கொடியில் போட்டேன்.
இரவெல்லாம் அது வயிறு உப்பி, வயிறு ஒட்டி,
யாரோ மூச்சு விடுவதுபோல ஆடிக்கொண்டிருந்தது.
இன்னும் லேசாக உரவாடை.
அடிக்கட்டும், மீனுக்கென்ன தெரியும்.

தொப்பி யுகேந்திரனுடையது, குலை வெட்டப் போடுவது.
நெற்றிப் பட்டையில் அவன் வியர்வை
வெள்ளைக் கோடாகக் காய்ந்திருக்கிறது.
உப்பு உப்போடு சேரப் போகிறது என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
மில் ஆட்களுக்கு மட்டும்தான் இடம் என்றதிலிருந்து
தண்ணீரைக்கூடத் தானே மொண்டு குடிக்கிறான்.

அசாம் பொய், கோடாலித் தைலம்,
புவனேஸுக்காக இன்னொரு ஜோடி சிலிப்பர்
(எங்கே போனாலும் ஒன்றைத் தொலைப்பாள்,
அதுவும் இடது கால்),
நெத்திலி சம்பல், மூடிக்கடியில் பிளாஸ்டிக் வைத்து இறுக்கி.
பிறகு முழுத் தெம்பிகை ஒன்று.

தெம்பிகையை எடுத்து வெளியே வைத்தேன்.
உள்ளே வைத்தேன்.
வெளியே வைத்தேன்.
கட்டிலில் படுத்தபடி அவன் சொன்னான்:
"அத எதுக்குத் தூக்கிக்கிட்டு?
சுத்தியும் தண்ணிதான இருக்கு."
இரண்டு நாளில் அவன் பேசிய முதல் பேச்சு.
உள்ளே வைத்துவிட்டேன்.

எட்டு வருஷமாக எடைமேடையில் வேலை.
லோரி நிறைந்து ஏறும், கொட்டிவிட்டு வெறுமனே ஏறும்,
கழித்தால் குலையின் எடை.
எந்த லோரியில் குலைக்கடியில் மணல் கிடக்கிறதென்று
கண்ணாடிக்குள்ளிருந்தே சொல்லிவிடுவேன்.
என் எடை தெரியாது.
கடைசியாகப் பார்த்தது கிளினிக்கில்,
வயிற்றில் ஒன்று இருந்தபோது.
அந்த எண்ணைக் கணக்கில் எடுக்க முடியாது.
அப்புறம் பார்க்கவில்லை.

சனி ராத்திரி ஷிப்டு,
விடிந்தால் மில் வாசலிலேயே பஸ்.
மூன்று மணிக்கு லோரி வரத்து நின்றது.
குலை வேகும் வாடை மட்டும் நிற்கவில்லை.
காவலாளி பகதூரை எழுப்பிப்
பொத்தானை அழுத்தச் சொன்னேன்.
ஏன் என்று கேட்காத மனிதர்.

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு
அறுபது டன் தாங்கும் இரும்பின் நடுவில் போய் நின்றேன்.
கண்ணாடிக்குள் சிவப்பாக: அறுபது.
அவர் அழுத்தினார்.
பையைக் கீழே தாரில் இறக்கி வைத்துவிட்டு
மறுபடி ஏறினேன்.
அறுபது.
அழுத்தினார்.

இருபது இருபதாகத்தான் அதற்கு எண்ணத் தெரியும்.
எட்டு வருஷம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும்
இது எனக்குத் தோன்றியதில்லை.

சீட்டு அச்சாகி வந்தது.
வாகன எண்: காலி.
சரக்கு: செம்பனைக் குலை.
மொத்தம் அறுபது, வெற்றெடை அறுபது,
நிகரம் பூஜ்யம்.

எனக்காகப் பையைத் தூக்கிவந்த பகதூர்
"பெராட்லா, கக்கா" என்று
தோளைத் தடவிக்கொண்டார்.

ஹுசினுக்குப் பதில் அனுப்பினேன்.
எடை: அறுபது.
நீச்சல்: தெரியாது.
மூட்டை பற்றி அவர் கேட்டால்
காட்டுவதற்குச் சீட்டு இருக்கிறது.
நான்காக மடித்து உரப்பைக்குள் போட்டேன்,
தெம்பிகைக்கும் தொப்பிக்கும் நடுவில்,
காற்றைப் பிதுக்கி முடிச்சுப் போட்டேன்.
நனையாமல் இருக்கட்டும்.